மோட்டார், மின்கலம், மின்னணுச் சுற்று: கருவி வாங்குமுன் அறிய வேண்டியவை

பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோளக் காடுகளிலும் அரியலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளிலும் மின்கலத்தால் இயங்கும் கருவிகள் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. மருந்து தெளிப்பான், களை வெட்டும் கருவி, கிளை அறுக்கும் வாள், துளையிடும் டிரில் என இவை பலவகைப்படும். 2018-ஆம் ஆண்டில் படைப்புழு நம் நாட்டிற்குள் புகுந்து மக்காச்சோளத்தை அழித்தபோது இவ்விரு மாவட்ட விவசாயிகளும் பெருநஷ்டம் அடைந்தனர். அப்புழு குருத்துக்குள் ஒளிந்திருந்து தின்பதாகும். மருந்து குருத்தில் சரியாக விழாவிடில் செலவும் உழைப்பும் வீணே. ஆகவே, நல்ல தெளிப்பான் என்பது பயிரைக் காக்கும் சாதனமாகிவிட்டது.

எனினும், பணம் கொடுத்து வாங்கிய கருவி ஓரிரு ஆண்டுகளில் வீட்டின் மூலையில் முடங்கிக் கிடப்பதையும் ஊர்தோறும் காண்கிறோம். கடையில் மோட்டாரின் வேகத்தை மட்டும் கேட்டு வாங்குவது இதற்கு ஒரு முக்கிய காரணம். கருவி என்பது மோட்டார், மின்கலம், மின்னணுச் சுற்று ஆகிய மூன்றும் சேர்ந்ததே. ஒன்று பலவீனமானால் மற்ற இரண்டும் பயன்படா.

மோட்டார்

மோட்டார் இருவகைப்படும். பழைய வகையில், சுழலும் காயிலுக்குக் கார்பன் துண்டுகள் உரசி மின்சாரம் அளிக்கின்றன. உரசுவதால் கார்பன் தேயும், சூடு உண்டாகும், ஓரளவு மின்சாரம் வீணாகும். ஆனால் தேய்ந்த கார்பனைக் குறைந்த செலவில் உள்ளூர் மெக்கானிக்கே மாற்றிவிடலாம்.

புதிய வகை ‘பிரஷ் இல்லா’ மோட்டார். இதில் சுழல்வது காந்தம். காயில் அசையாது நிற்கும். எந்தக் காயிலுக்கு எப்பொழுது மின்சாரம் செல்ல வேண்டும் என்பதை மின்னணுச் சுற்று தீர்மானிக்கிறது. கார்பன் தேய்மானம் இல்லை. ஒரே மின்கலத்தில் கூடுதல் நேரம் உழைக்கும். ஆனால் விலை அதிகம். சுற்று பழுதானால் முழு அட்டையையும் மாற்ற நேரிடலாம். நாள்தோறும் வேலை செய்பவருக்குப் புதிய வகை ஏற்றது. ஆண்டில் சில நாள் மட்டும் பயன்படுத்துவோருக்குப் பழைய வகையே போதும்.

மின்கலம்

கம்பியில்லா டிரில்லை 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் வெளியிட்டபோது அதில் நிக்கல்-காட்மியம் மின்கலமே இருந்தது. லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் விற்பனைக்கு வந்தது. 2005-ஐ ஒட்டி அது இத்தகைய கருவிகளிலும் இடம்பெற்றது. நம் தெளிப்பான்களில் ஈய-அமில மின்கலமும் லித்தியம் மின்கலமும் காணப்படுகின்றன.

மின்கலத்தின் கொள்ளளவை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி எனில் 96 வாட்-மணி. பம்பு 2 ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால் கணக்கின்படி நான்கு மணி நேரம் ஓடும். ஆனால் ஈய-அமில மின்கலத்தை அடிக்கடி முழுவதும் தீர்த்தால் அதன் ஆயுள் விரைவில் குறையும். பாதி தீர்ந்ததும் சார்ஜ் செய்வதே நலம். லித்தியம் மின்கலம் எடை குறைந்தது. பதினாறு லிட்டர் மருந்தைத் தோளில் சுமப்பவருக்கு அக்குறைவும் ஒரு பெரும் உதவியே.

பெட்டிமேல் உள்ள எண்களைக் கண்டு மயங்கலாகாது. ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்பதும் ‘18 வோல்ட்’ என்பதும் பெரும்பாலும் ஒன்றே. இரண்டிலும் ஐந்து கலங்கள் வரிசையாக உள்ளன. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 வோல்ட். உழைக்கும்போது சராசரி 3.6 வோல்ட்.

மின்னணுச் சுற்று

கலங்களைக் காப்பது இச்சுற்றின் பணி. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறாமலும், முற்றிலும் தீராமலும், சூடு மிகாமலும் இது தடுக்கிறது. இந்தப் பாதுகாப்பு இல்லாத மலிவான லித்தியம் மின்கலம் தீப்பற்றவும் கூடும். தெளிப்பானில் மின்கலம் தளர்ந்தால் அழுத்தம் குறைந்து துளிகள் பெரிதாகும். மருந்து சீராகப் படியாது. ஆகவே கடைசித் தொட்டி வரையில் அழுத்தம் நிலைக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிச் சோதித்தே வாங்க வேண்டும்.

எதற்கு எது?

மின்கலம் எல்லா வேலைக்கும் ஏற்றதன்று. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி மின்கலத்தில் உள்ளது 90 வாட்-மணியே. 900 வாட் எடுக்கும் வாளை அது ஆறு நிமிடமே ஓட்டும். முந்திரியின் சிறு கிளைகளைக் கழிக்க மின்கல வாள் போதும். பருத்த அடிமரம் அறுக்கப் பெட்ரோல் வாளோ மின்கம்பி இணைப்புள்ள வாளோ வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

ஊராட்சி மன்றம் பல கருவிகள் வாங்குமாயின், ஒரே மின்கலம் எல்லாவற்றிலும் பொருந்துமாறு ஒரே வரிசையில் வாங்குவது சிக்கனம். உத்தரவாதக் காலத்தையும், பழுது பார்க்கும் நிலையம் அருகில் உள்ளதா என்பதையும் எழுத்தில் பெற வேண்டும்.

கோடை வெயிலில் மின்கலத்தை டிராக்டர் பெட்டியிலோ தகரக் கொட்டகையிலோ வைக்கலாகாது. 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் மின்கலத்தைச் சார்ஜ் செய்வதும் கூடாது. நிழலில் ஆறவிட்ட பின்னரே செய்க. ஈய-அமில மின்கலத்தை முழுச் சார்ஜில் வைத்து, பயன்படுத்தாத காலத்திலும் மாதம் ஒருமுறை சார்ஜ் செய்க. லித்தியத்தைப் பாதிச் சார்ஜில் வைப்பது நலம்.

பழைய மின்கலத்தைக் குப்பையில் எறிதலும் எரித்தலும் நிலத்துக்கும் நீருக்கும் கேடு. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. ஊராட்சி அலுவலகத்தில் அவற்றைச் சேர்த்து வைத்து ஒப்படைக்கலாம்.

கருவி எத்துணைச் சிறந்ததாயினும் நஞ்சு நஞ்சே. கையுறையும் முகக்கவசமும் அணியாமல் மருந்து தெளிக்கலாகாது. மூன்று உறுப்புகளையும் ஆராய்ந்து வாங்கி, முறையாகப் பேணினால், கருவி முடங்காது, முதலும் வீணாகாது.