அண்ணாவின் ரீலும் வெள்ளவத்தை உப்புக்காற்றும்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கம்பி, மின்விசிறி, கதவுப் பிணைச்சல் என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. எங்கள் அலுமாரிக்குள் துணியில் சுற்றிக் கிடந்த அண்ணாவின் தூண்டில் ரீலையும் அது விடவில்லை.

அண்ணா 1986இல் நோர்வேக்குப் போனவர். அந்த நாட்டின் வடக்கே மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைசெய்த பல தமிழர்களில் அவரும் ஒருவர். அங்குள்ள ஆறுகளில் சல்மன் மீனுக்குச் செயற்கை ஈ கட்டித் தூண்டில் வீசப் பழகியிருந்தார். 2003இல், சமாதான காலத்தில் வந்தபோது அந்தத் தூண்டிலையும் கொண்டுவந்தார். ரயில் பாதைக்கு அப்பால் உள்ள பாறைகளில் நின்று ஒரு பின்னேரம் கடலில் வீசிக் காட்டினார். "அடுத்தமுறை நுவரெலியாவுக்குப் போவம்" என்று சொல்லி, என்னிடமே விட்டுப் போனார். அன்று அதைக் கழுவி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு யுத்தம் திரும்பியது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்த நாட்களில் நீண்ட குழாயையும் உருண்டையான உலோகச் சாமான் ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைத் தாண்ட யாருக்குத் துணிவு வரும்? ரீல் அலுமாரியிலேயே கிடந்தது. 2019இல் அண்ணா நோர்வேயில் காலமானார். வருகிற டிசம்பரில் அவருடைய மகன், என் பெறாமகன், வருகிறான். "அப்பாவின்ர ரீல் இருக்கா சித்தப்பா?" என்று தொலைபேசியில் கேட்டான். எடுத்துப் பார்த்தேன். சுற்றவில்லை.

தேங்காயெண்ணெய் விட்டேன். ஓரிரு நாள் அசைந்தது. பிறகு பிசின்போல ஒட்டிக்கொண்டது. கொட்டாஞ்சேனையில் தையல் மெசின் திருத்தும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். முன்பு முல்லைத்தீவில் படகு எஞ்சின் திருத்தியவர். பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில் பழைய உதிரிப்பாகங்களைக் கழுவிக் கழுவியே ஓட்டியவர். "உப்பு ஓடுற சாமானைத் தின்னாது, தம்பி. கழுவாமல் நிக்கிற சாமானைத்தான் தின்னும்" என்றார். வேலையை அவர் செய்துதரவில்லை. பக்கத்தில் இருந்து என்னைக் கொண்டே செய்வித்தார்.

இந்த வகை ரீல் மிக எளிமையானது. செயற்கை ஈக்குப் பாரமில்லை. பிளாஸ்ரிக் பூசிய தடித்த நூலின் பாரமே அதைக் கொண்டுபோகிறது. நூலைச் சுற்றி வைப்பதும், மீன் இழுக்கும்போது தடுப்புக் கொடுப்பதுமே ரீலின் வேலை. வெளிச்சட்டம், உருளை, நடு அச்சு, பிரேக் ஆகியவையே முக்கிய பாகங்கள். பழைய வகைகளில் பல்சில்லும் வில்லும் 'கிளிக்' என்ற சத்தத்தோடு தடுக்கும். புதியவற்றில் தட்டு பிரேக் இருக்கும். அது மூடி முத்திரையிட்டதாக இருந்தால் திறக்கவே கூடாது.

முதலில் பிரேக்கை முழுதாகத் தளர்த்துங்கள். நூலை அடிவரை கழற்றுங்கள். அடியில் உள்ள மெல்லிய நூலில்தான் ஈரமும் உப்பும் நெடுநாள் தங்கும். பிறகு உருளையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். திருகாணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே முட்டைத் தட்டின் குழிகளில் வையுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு, உலோகப் பாகங்களை ஊறவிடுங்கள். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். அது உப்பை உள்ளே தள்ளும். மென்மையான பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். அலுமினியத்தில் வெள்ளைப் பூச்சும் பித்தளையில் பச்சையும் படிந்திருந்தால் திரும்பத் திரும்ப ஊறவையுங்கள். குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளியோ தேசிக்காயோ போட்டால் அலுமினியத்தின் மேற்பூச்சுப் போய்விடும். இறுகிய திருகாணியை முறுக்கவும் வேண்டாம். நான் முறுக்கி ஒன்றின் தலையைக் கெடுத்தேன்.

நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் துடைத்து, நிழலில் ஓர் இரவு காயவிடுங்கள். அதன் பிறகே எண்ணெய். நடு அச்சில் கிறீஸ் மெல்லியதாக, கைபிடியிலும் பல்சில்லிலும் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. அதிகமானால் தூசி சேரும். பிரேக்கில் தக்கை இருந்தால் இந்த எண்ணெய் அதில் படக்கூடாது. தேங்காயெண்ணெய் ஏன் கூடாது என்று ஐயாவிடம் கேட்டேன். அது நாட்பட்டால் பிசுபிசுக்கும். 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்தும்விடும். நுவரெலியாக் குளிரில் ரீல் மறுபடி இறுகியிருக்கும்.

நூலையும் சவர்க்கார நீரில் கழுவித் துடைக்கலாம். மண்ணெண்ணெய், பெற்றோல், நுளம்புக்குப் பூசும் மருந்து எதுவும் அதில் படக்கூடாது. அண்ணாவின் நூல் வெடித்துப்போயிருந்தது. புதியது பெறாமகன் கொண்டுவருகிறான். ரீலை எடுத்து வைக்கும்போது பிரேக் தளர்ந்திருக்க வேண்டும்; காற்றுப் புகாத பொலித்தீன் பையில் கட்டக்கூடாது.

பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் மலைநாட்டு நீரோடைகளில் பெருகியது. ஹோர்ட்டன் சமவெளி இப்போது தேசியப் பூங்கா. ஆகவே எங்கே தூண்டில் போடலாம் என்று விசாரித்து, அனுமதி எடுத்துக்கொண்டே போவோம்.

ரீல் இப்போது சுற்றுகிறது. 'கிளிக்' சத்தம் அண்ணா பாறையில் நின்று வீசியபோது கேட்டதுபோல் அவ்வளவு தெளிவாக இல்லை. ஒரு பல் தேய்ந்துவிட்டது. பெறாமகனுக்கு அதையும் சொல்லியிருக்கிறேன். மீன் படுகிறதோ இல்லையோ, இந்தமுறை அன்றிரவே கழுவித்தான் வைப்போம்.