காணாமற்போன கோப்பு

தேர்வு முடிவுகளை வெளியிடும் ஜாவா இணையச் செயலி ஒன்றை எண்ணிப் பாருங்கள். தரவுத்தளம் எங்குள்ளது, அதன் கடவுச்சொல் யாது என்பவற்றை அச்செயலி அமைவுக் கோப்பிலிருந்தே அறிகிறது. அக்கோப்பு கிடைக்காவிடில் செயலி தொடங்காது. முடிவுக்குக் காத்திருப்போர் ஏமாறுவர்.

எழுதியவரின் கணினியில் இயங்கிய செயலி, சேவையகத்தில் நிற்பது ஏன்? பெரும்பாலும் கோப்பு தொலைவதில்லை. செயலி வேறிடத்தில் தேடுகிறது. ஆகவே, முதலில் பிழைச்செய்தியைப் பொறுமையுடன் படிக்க வேண்டும். தேடப்பட்ட கோப்பின் பெயர் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அடுத்து, சேவையகத்திற்கு அனுப்பிய 'வார்' பொதியைத் திறந்து, 'வெப்-இன்ஃப்' கோப்புறைக்குள் இருக்கும் 'கிளாசஸ்' கோப்புறையில் அக்கோப்பு உள்ளதா எனக் காண வேண்டும். பின்னர்ப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் பொதுவாக வேறுபடுத்துவதில்லை; லினக்ஸ் வேறுபடுத்தும். தம் கணினியின் முழுப் பாதையை நிரலில் எழுதிவிடுவதும் தவறு. அப்பாதை சேவையகத்தில் இராது.

கோப்பைப் பல இடங்களில் படியெடுத்து வைப்பதால் பயனில்லை. செயலி தேடும் இடத்தை அறிவதே தீர்வாகும்.

பயிற்சி
1. பிழைச்செய்தியை முதலில் படிப்பது ஏன்?
2. பிரித்து எழுதுக: அக்கோப்பு, அப்பாதை.