பாலியல் கல்வியில் மாணவர் கருத்தறிதல்

பாலியல் கல்வியில் மாணவர் கருத்தறிதல் என்பது, பாலியல் கல்வி வகுப்புகளை மேம்படுத்தும் பொருட்டு மாணவர்களின் ஐயங்களையும் மதிப்பீடுகளையும் திரட்டும் முறை ஆகும்.

பின்னணி

இந்தியாவில் 2005 ஆம் ஆண்டு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. 2007 இல் மகாராட்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட சில மாநிலங்கள் இதனை ஏற்க மறுத்தன. 2018 இல் திருத்தி வெளியிடப்பட்ட யுனெஸ்கோ வழிகாட்டி, பாடத்திட்ட உருவாக்கத்தில் இளையோரையும் ஈடுபடுத்தப் பரிந்துரைக்கிறது. 10 நாடுகளின் 55 ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளியான கட்டுரை ஒன்றின்படி, தம் வகுப்பாசிரியரே இப்பாடத்தை நடத்துவதை மாணவர் பலர் விரும்பவில்லை.

முறைகள்

* கேள்விப் பெட்டி: வகுப்புக்கு முன்னர், மாணவர் அனைவரும் பெயர் குறிக்காத தாளைப் பெட்டியில் இடுவர். ஐயம் இல்லாதோரும் வெற்றுத்தாளை இடுவதால், கேட்டவர் யாரெனத் தெரியாது.
* கருத்துப் படிவம்: வகுப்புக்குப் பின்னர், விளங்கியவையும் விடுபட்டவையும் கேட்கப்படும்.

பெரம்பலூர், அரியலூர் போன்ற, பெரும்பாலும் ஊரகப் பகுதிகளைக் கொண்ட மாவட்டங்களின் சிறிய பள்ளிகளில், கையெழுத்தைக் கொண்டே மாணவரை ஆசிரியர் அடையாளம் காணக்கூடும். இத்தகைய இடங்களில் குறியிட்டு நிரப்பும் படிவம் பொருத்தமானது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டி புகார்களுக்கானது. அது கேள்விப் பெட்டியினின்று வேறானது.

சட்டக் கடமை

பெட்டியில் இடப்படும் தாள் வன்கொடுமையை வெளிப்படுத்துவதாகவும் அமையலாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 இன் 19 ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். எனவே, எல்லாவற்றையும் இரகசியமாகக் காப்பதாக ஆசிரியர் உறுதியளித்தல் இயலாது. இதனை மாணவருக்கு முன்னரே விளக்குவதுடன், சிறார் உதவி எண் 1098 ஐயும் அறிவித்தல் நன்று.