பாட்டிலுக்குள் மூன்று நாள்!

எண்ணூர் முகத்துவாரத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் மூடி, இருட்டில் மூன்று நாள் வைத்துவிட வேண்டும். பிறகு திறந்து பார்த்தால் தண்ணீரின் யோக்கியதை தெரிந்துவிடும். ஏதோ ஊறுகாய் போடுகிற பக்குவம் மாதிரி இருக்கிறதா? இதற்குப் பெயர் பி.ஓ.டி. டெஸ்ட்!

என்னை மாதிரி பி.காம். ஆசாமிகளுக்கு இது ரொம்பச் சுலபம், ஸார். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன்தான் ரொக்கக் கையிருப்பு. சாக்கடையோ, மீன் கழிவோ, எது வந்து விழுந்தாலும் பாக்டீரியாக்கள் தின்று தீர்க்கின்றன. தின்கிற வாய்க்கு மூச்சும் வேண்டுமே? கையிருப்பில் கை வைக்கின்றன. லிட்டருக்கு 7 மில்லிகிராம் இருந்தது 4 ஆகிவிட்டால் செலவு 3. அதுதான் பி.ஓ.டி.! கடலோரத்தில் குளிக்கிற தண்ணீருக்கு அரசாங்கம் அனுமதிப்பதும் அந்த 3 வரைதான். நம் வீட்டுச் சாக்கடைக்கு இது சர்வசாதாரணமாக 200-ஐத் தொடும். அதை அப்படியே பாட்டிலில் அடைத்தால் மொத்த ஆக்ஸிஜனும் சீக்கிரமே காலியாகிவிடும் என்பதால், நல்ல தண்ணீர் கலந்து அளந்து, பிறகு பெருக்கிக் கொள்வார்கள்.

இந்தக் கையிருப்பை எண்ணும் வித்தையை 1888-ல் கண்டுபிடித்தவர் ஹங்கேரிக்காரரான விங்க்லர். மாங்கனீஸ் உப்பு, அயோடைடு, அமிலம் என்று வரிசையாக ஊற்றினால் தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வருகிறது. கொஞ்சம் ஸ்டார்ச் விட்டால் நீலம். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, நீலம் சட்டென்று மறைகிறது. எத்தனை சொட்டு செலவானதோ, அதுதான் ஆக்ஸிஜன் கணக்கு!

இங்கிலாந்தில் பாட்டிலை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்தார்கள். அந்த ஊர் ஆறுகள் ஐந்து நாளுக்குள் கடலுக்குப் போய்விடுமாம்! நம் வெயிலுக்கு 27 டிகிரி, மூன்று நாள் போதும்.

சிக்கல் என்னவென்றால், எண்ணூர்த் தண்ணீர் ஒரே தண்ணீர் இல்லை. கொசஸ்தலை ஆறு ஒரு பக்கம், நகரத்துச் சாக்கடையைச் சுமந்து வரும் பக்கிங்ஹாம் கால்வாய் ஒரு பக்கம், எதிரே வங்காள விரிகுடா. கடல் ஏறும்போது பாட்டிலைப் பிடித்தால் ரிசல்ட் பிரமாதம்! இறங்கும்போது பிடித்தால் வண்டவாளம் வெளியே வரும். பாசி மண்டிய இடத்தில் மத்தியானம் ஆக்ஸிஜன் ஏகமாக இருக்கும். விடியற்காலையில் மீன் வாய் பிளக்கும். அனல் மின் நிலையத்து வெந்நீரில் ஆக்ஸிஜன் கரைவதும் குறைவு.

போகட்டும், மூன்று நாள் காத்திருக்காமல் டைகுரோமேட்டைக் காய்ச்சி சி.ஓ.டி. பார்க்கலாமே என்றால், உப்பு குறுக்கே நிற்கிறது. குளோரைடு 2,000 மில்லிகிராமைத் தாண்டினாலே அந்த வழக்கமான டெஸ்ட் தகராறு பண்ணும். கடல் நீரிலோ சுமார் 19,000!

இன்னொரு கூத்து. விஷம் அதிகமானால் பாட்டிலுக்குள் பாக்டீரியாவே செத்துப்போகும். தின்பதற்கு ஆள் இல்லை. ஆக்ஸிஜன் செலவும் இல்லை. பி.ஓ.டி. குறைவு, தண்ணீர் 'சுத்தம்'! வாடிக்கையாளர் எல்லோரும் ஓடிப்போன கடையில் கடன் பாக்கி இல்லை என்று மகிழ்கிற மாதிரி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படர்ந்தபோது லேப் ரிப்போர்ட்டே தேவைப்படவில்லை. படகு, வலை, கூழைக்கடா எல்லாமே கறுப்பு. மற்ற நாட்களில்தான் நம்பர் தேவைப்படுகிறது. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவர்களுக்கு அந்த நம்பர்தான் சோறு. இறால் இருப்பது அடியில். மூச்சு முதலில் முட்டுவதும் அங்கேதான். மேல் தண்ணீரை மொண்டுகொண்டு போனால் எப்படித் தெரியும்?

காட்டுக்குப்பத்துக்காரர் ஒருவரிடம் இந்த பாட்டில் கதையை விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று விசாரித்தார்:

"அல்லாம் சரி ஸார்... தண்ணி எத்தினி மணிக்கு எடுத்தாங்கோன்னு அந்தக் காயிதத்துல போட்டுக்குதா?"