மிச்ச கேக்கில் சாக்லேட் உருண்டை!

அடுப்பு வேண்டாம்; செலவும் அதிகம் இல்லை

பிறந்த நாளுக்கு வாங்கிய கேக் மீந்து விட்டதா? ஓரம் காய்ந்து, தொட்டால் உதிர்கிறதா?

குப்பையில் போட்டு விடாதீர்கள்! அதைக் கொண்டே குழந்தைகள் விரும்பும் சாக்லேட் உருண்டை செய்யலாம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஐரோப்பாவில் ரொட்டிக்கடைக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்து வருவதுதான்.

ரம் உருண்டை

டென்மார்க் நாட்டு ரொட்டிக்கடைகளில், கண்ணாடிப் பெட்டிக்குள் கரிய உருண்டைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு "ரம் உருண்டை" என்று பெயர்.

விற்காமல் மீந்த கேக்கை உதிர்த்துக் கொள்கிறார்கள். அதில் கொக்கோவும், பழ ஜாமும், ரம் வாசனை தரும் எஸன்சும் சேர்த்துப் பிசைந்து உருட்டுகிறார்கள். பிறகு தேங்காய்த் துருவலிலோ, சாக்லேட் மணிகளிலோ புரட்டி எடுக்கிறார்கள்.

மீந்த கேக்கில் செய்தது என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் விரும்பி வாங்குகிறார்கள்! அன்றன்று மீந்தது எதுவோ, அதற்கு ஏற்றபடி கடைக்குக் கடை சுவையும் மாறும்.

உருளைக்கிழங்கு பலகாரம்!

ரஷ்யாவிலும் இப்படி ஒரு பலகாரம் உண்டு. அதன் பெயர் "கர்தோஷ்கா". அப்படி என்றால் உருளைக்கிழங்கு. ஆனால் உள்ளே கிழங்கு கிடையாது!

கேக் தூளில் வெண்ணெய், கெட்டிப் பால், கொக்கோ சேர்த்து, கிழங்கு வடிவில் பிடிக்கிறார்கள். மேலே வெள்ளைக் கிரீமைப் புள்ளி புள்ளியாக வைக்கிறார்கள். பார்த்தால் முளை விட்ட கிழங்கு போலவே இருக்கும்! சோவியத் ஆட்சிக் காலத்தில் இது பட்டி தொட்டி எங்கும் பிரபலமாக இருந்தது.

சுவீடன் நாட்டில் உள்ள பலகாரத்துக்கு இன்னும் வேடிக்கையான பெயர்: "தூசி உறிஞ்சும் இயந்திரம்"! பச்சை நிறப் பாதாம் மாவுக்குள் பிஸ்கட் தூளும் கொக்கோவும் இருக்கும். இரண்டு முனைகளும் சாக்லேட்டில் தோய்த்தவை. உருவம் பழைய காலத்து இயந்திரம் போல இருப்பதால் இந்தப் பெயர் என்பார்கள் சிலர். கடைக்காரர் தூள்களை எல்லாம் திரட்டிச் செய்வதால்தான் என்பார்கள் வேறு சிலர்.

105 கோடி டன்

இந்தச் சிக்கனம் கேலிக்குரியது அல்ல. 2022-ம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. அதில் 100-க்கு 60 பங்கு வீடுகளில் வீணானது.

செய்வது எப்படி?

வேண்டியவை: மீந்த கேக் கால் கிலோ, கொக்கோத் தூள் 2 மேஜைக் கரண்டி, ஜாம் 2 மேஜைக் கரண்டி, இளகிய வெண்ணெய் 2 மேஜைக் கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. சர்க்கரை வேண்டாம். கேக்கிலேயே இனிப்பு இருக்கிறது.

கையை நன்றாகக் கழுவிக் கொள்ளுங்கள். கேக்கை ரவை போல உதிருங்கள். மற்றவற்றைச் சேர்த்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் ஜாம் சேருங்கள். பிசுபிசுத்தால் கேக் தூள் சேருங்கள்.

சிறு எலுமிச்சம்பழ அளவில் உருட்டி, உலர்ந்த தேங்காய்த் துருவலில் புரட்டுங்கள். பச்சைத் தேங்காய் கூடாது. சீக்கிரம் கெட்டு விடும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் வெண்ணெய் இறுகி, உருண்டையும் கெட்டிப்படும். சுமார் 12 உருண்டைகள் கிடைக்கும்.

கேக் காய்வதற்குக் காரணம் ஈரம் போவது மட்டும் அல்ல. மாவில் உள்ள ஸ்டார்ச் சத்து இறுகி விடுவதும் ஒரு காரணம். ஜாமும் வெண்ணெயும் சேர்ந்ததும் காய்ந்த தூள் மறுபடி மெத்தென்று ஆகிறது.

மீந்தது வேறு, கெட்டது வேறு!

இங்கேதான் தாய்மார்கள் மிகவும் கவனிக்க வேண்டும். இந்த உருண்டையை அடுப்பில் வைப்பது இல்லை. ஆகவே கேக்கில் கிருமி இருந்தால் அது சாகாது. கொக்கோவும் வாசனையும் கெட்ட நாற்றத்தை மறைத்து விடும். ஆனால் விஷத்தை முறிக்காது!

கேக்கில் ஒரே ஓர் இடத்தில் பூசணம் இருந்தாலும் முழுவதையும் எறிந்து விடுங்கள். வெட்டி எடுத்தால் போதாது. கண்ணுக்குத் தெரியாத பூசண இழைகள் மெத்தென்ற கேக்குக்குள் ஆழமாகப் பரவி இருக்கும்.

கிரீம் பூசிய கேக் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். கடும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே அதிகம்.

இன்னொன்று: உருண்டை செய்த நாளில் இருந்து கணக்குப் போடாதீர்கள். கேக் வாங்கிய நாளில் இருந்து கணக்குப் போடுங்கள். உருட்டியதால் பழைய கேக் புதியது ஆகி விடாது!

காய்ந்த கேக்கை வீணாக்காமல் இருப்பது சிக்கனம். கெட்ட கேக்கைக் குழந்தைக்குக் கொடுப்பது சிக்கனம் அல்ல, ஆபத்து. சந்தேகம் வந்தால் எறிந்து விடுங்கள். கேக்கை விடக் குழந்தையின் வயிறு பெரிது!