அப்பாவின் பழைய டர்போ கார்... பவர் ஏற்றும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

"அண்ணே, ரீமேப் பண்ணா எவ்வளவு பவர் ஏறும்?"

"தம்பி, முதல்ல பானெட்டைத் திறங்க. அப்புறம் பேசுவோம்."

பழைய டர்போ கார்களை வேலை பார்க்கும் கராஜ்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கேட்பவர் பெரும்பாலும் முதல் சம்பளம் வாங்கிய இளைஞர். அவர் கையில் இருக்கும் சாவி, அப்பா ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய காருடையது. விற்க மனசில்லை, அப்படியே ஓட்டவும் மனசில்லை. 'கொஞ்சம் பவர் ஏற்றினால் என்ன?' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

ஏற்றலாம். ஆனால், எந்த வரிசையில் ஏற்றுகிறோம் என்பதில்தான் கார் பிழைப்பதும் படுத்துக்கொள்வதும் இருக்கிறது. உதாரணத்துக்கு, 2004-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 150 பிஹெச்பி பவர், 210 நியூட்டன் மீட்டர் டார்க். அந்தக் காலத்தில் நம் ஊர் குடும்ப கார்களுக்கு மத்தியில் இது தனி ராகம். ஃபியட் லீனியா டி-ஜெட், போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற பிந்தைய டர்போ கார்கள் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஊதாங்குழல் தத்துவம்

விறகடுப்பில் ஊதாங்குழலை வைத்து ஊதினால் தீ குபீரென்று எழும் அல்லவா? டர்போ செய்வதும் அதுதான். அதிகக் காற்று, அதற்கேற்ற அதிக பெட்ரோல், அதிக சக்தி. வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஊதுவதற்குத் தனியாக ஆள் வேண்டாம். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையே ஒரு சின்ன விசிறியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி, வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃப்ரெட் பியூஷி 1905-லேயே காப்புரிமை பெற்ற யோசனை இது.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கும் மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அழுத்தப்பட்ட காற்று சூடாகிவிடும் என்பதால், அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் என்ற ரேடியேட்டர் போன்ற பாகமும் உண்டு. ஆயில், சூடு - டர்போ காரின் ஆயுளைத் தீர்மானிப்பவை இந்த இரண்டும்தான்.

ரீமேப் என்றால் என்ன?

டர்போ இல்லாத காரில் 10 பிஹெச்பி கூட்டுவதற்கே ஏகப்பட்ட பாகங்களை மாற்ற வேண்டும். டர்போ காரில், எவ்வளவு காற்றை அழுத்துவது என்பதை இசியு என்ற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அந்த கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். 150 பிஹெச்பி ஆக்டேவியாவில், கம்பெனி வைத்த டர்போ அழுத்தம் ஏறக்குறைய 0.5 பார். முதல்கட்ட ரீமேப்பில் அதை 1 பார் அளவுக்குக் கொண்டுபோவார்கள். ஆரோக்கியமான இன்ஜினாக இருந்தால், 180 முதல் 190 பிஹெச்பி வரை கிடைக்கும். டார்க்கும் நன்றாகவே ஏறும்.

கம்பெனி ஏன் அதை முதலிலேயே தரவில்லை? மோசமான பெட்ரோல், கடும் வெயில், தள்ளிப்போகும் சர்வீஸ் - இவை எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்று ஒரு இடைவெளியை விட்டுவைத்தார்கள். ரீமேப் செய்யும்போது நாம் எடுத்துச் செலவழிப்பது அந்த இடைவெளியைத்தான். கார் புதிதாக இருந்தபோது அந்த இடைவெளி முழுசாக இருந்தது. 20 வருடம் ஓடிய காரில் அதில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் கை வைப்பதுதான் முதல் தவறு.

இதே 1.8 லிட்டர் இன்ஜின் குடும்பம், முதல் தலைமுறை ஆடி டிடி காரின் ஒரு வகையில் 225 பிஹெச்பி தந்தது. அதைக் காட்டி, 'நம்ம காரும் தாங்கும்' என்பார்கள். ஆடியில் டர்போவே பெரிது, இன்டர்கூலர்கள் இரண்டு. குடும்பம் ஒன்று என்பதற்காக உடம்பும் ஒன்றாகிவிடாது.

முதல் செலவு பவருக்கு அல்ல!

கையில் இருக்கும் பணத்தின் முதல் பகுதி, காரை 2004-ல் இருந்த நிலைக்குக் கொண்டுவருவதற்கே போக வேண்டும். கவனிக்க வேண்டியவை இவை:

டைமிங் பெல்ட்: இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு ஐந்து வீதம் 20 வால்வுகள். ரப்பர் பெல்ட் அறுந்தால், வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதோடு இன்ஜின் கதை முடிந்துவிடும். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய பம்ப்களில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் விசிறி உடைவது இந்த இன்ஜினில் தெரிந்த வியாதி.

ஆயில்: சூட்டில் ஆயில் கருகி, களிம்பு போல் படிவது இந்த இன்ஜினின் இன்னொரு பிரச்னை. களிம்பு, ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையை அடைத்தால், முதலில் பலியாவது டர்போ. ஃபுல் சிந்தெடிக் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். மாற்றும் இடைவெளியையும் குறைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் வேகமாக வந்தவுடனே இன்ஜினை அணைக்காமல், கடைசி சில கிலோமீட்டர்களை நிதானமாக ஓட்டி வந்து, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது பைசா செலவில்லாத வைத்தியம்.

காற்றுக் கசிவு: டர்போவிலிருந்து இன்ஜின் வரை போகும் ரப்பர் ஹோஸ்கள் 20 வருடத்தில் வெடித்திருக்கும். புகையைச் செலுத்திப் பார்க்கும் சோதனையில், கசிவு எங்கே என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். 'பவர் குறைந்துவிட்டது' என்று வரும் பல கார்களுக்கு இதுவே மருந்து. ரீமேப் செய்யாமலேயே காணாமல்போன பவர் திரும்பி வரும்.

காயில், பிளக்: ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில். ஒன்று போனாலும் இன்ஜின் விக்கும். செக் இன்ஜின் விளக்கு மினுக்கும். மினுக்கும் விளக்கோடு தொடர்ந்து ஓட்டினால், எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

கிளட்ச்: நான்காவது கியரில், குறைந்த வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் எகிறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இருக்கும் டார்க்கையே தாங்காத கிளட்ச், கூடுதல் டார்க்கை எப்படித் தாங்கும்?

இவற்றோடு கம்ப்ரஷன் டெஸ்ட் ஒன்றும் செய்துவிடுங்கள். நான்கு சிலிண்டர்களின் அளவும் நெருக்கமாக இருந்தால், அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், பவர் ஆசையை அங்கேயே நிறுத்திவிட்டு, காரணத்தைத் தேட வேண்டும்.

நிற்கத் தெரிந்த பிறகே ஓட்டம்

100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரையும் 120-ல் போகும் காரையும் ஒப்பிட்டால், வேகம் 20 சதவிகிதம்தான் அதிகம். ஆனால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 44 சதவிகிதம் அதிகம். பள்ளியில் படித்த அதே வேகத்தின் வர்க்கக் கணக்குதான்! அதனால், பவருக்கு முன்பு புது பிரேக் பேடுகள், நல்ல டிஸ்க்குகள், புது பிரேக் ஆயில் வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில், மலைப்பாதை இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் தரை வரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பாதுகாப்பு.

டயரில் பட்டன் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். '2319' என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். குறைவாக ஓடும் பழைய கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகிவிடும். சஸ்பென்ஷன் புஷ்களும் அப்படித்தான்.

'உஸ்ஸ்' சத்தத்துக்கு மயங்காதீர்கள்!

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் 'உஸ்ஸ்' என்று காற்று வெளியேறும் சத்தம், இளைஞர்களின் பலவீனம். அதற்காகவே வால்வை மாற்றுகிறார்கள். ஆனால் இந்தக் காரில், உள்ளே வந்த காற்றை சென்சார் ஏற்கெனவே அளந்து கணக்கில் வைத்துவிடும். அதை வெளியே விட்டால், இல்லாத காற்றுக்கும் சேர்த்து பெட்ரோல் தெளிக்கப்படும். சத்தம் மட்டுமே லாபம், மைலேஜ் நஷ்டம். காற்றை உள்ளேயே திருப்பிவிடும் கம்பெனி வால்வில், ரப்பர் கிழிந்திருந்தால் புதிது போட்டால் போதும்.

திறந்த கூம்பு வடிவ ஏர் ஃபில்டரும் அப்படித்தான். பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை அது இழுக்கும். சூடான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. கம்பெனி பெட்டிக்குள்ளேயே சுத்தமான புது ஃபில்டர் போடுவது அதைவிட மேல். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலர் பக்கம் போகவே வேண்டாம். இசியு-வை ஏமாற்றி அழுத்தத்தை ஏற்றும் அது, இன்ஜினின் பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்குச் சமம்.

பெட்ரோலும் வெயிலும்

அழுத்தமும் சூடும் கூடினால், மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை, தீப்பொறியால் எழுந்த தீ வந்து சேரும் வரை காத்திருக்காமல் தானாகவே வெடிக்கும். 'நாக்கிங்' என்பது இதுதான். பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பது போன்றது. ரீமேப் எந்த ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதப்பட்டதோ, அதையே எப்போதும் நிரப்ப வேண்டும். மே மாத வெயிலில், சென்னை டிராஃபிக்கில் சிறிய இன்டர்கூலர் சூட்டில் ஊறிப்போகும். மாலையில் கிடைத்த பவர் மதியம் கிடைக்காது. எனவே, ரீமேப் செய்பவரிடம், 'உச்சபட்ச பவர் எவ்வளவு?' என்று கேட்பதைவிட, 'நம்ம ஊர் வெயிலில், நம்ம பெட்ரோலில் ஓட்டி, டேட்டா எடுத்துக் காட்டுவீர்களா?' என்று கேளுங்கள். பழைய ஃபைலைத் திருப்பி ஏற்றித் தருவாரா என்பதையும் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. 2004-ம் ஆண்டு கார் அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. ஃப்யூல் ஹோஸ்கள், சீல்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால், அன்றே சரிசெய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்சி-யில் இருக்கும் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். 15 ஆண்டுகள் கடந்த சொந்த காரின் ஆர்சி-யை, ஆர்டிஓ சோதனைக்குப் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, காதைக் கிழிக்கும் சைலன்சரோடு அங்கே போய் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்ஷூரன்ஸும் முக்கியம். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து க்ளெய்ம் நேரத்தில் பெரிய சிக்கலாகலாம். நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எந்த வரிசையில் செய்வது?

1. டைமிங் பெல்ட், ஆயில், ஹோஸ், காயில், பிளக் - முழு ஆரோக்கியம்.
2. டயர், பிரேக், சஸ்பென்ஷன்.
3. கம்ப்ரஷன் டெஸ்ட், ஸ்கேனர் ரிப்போர்ட்.
4. நம்பகமான இடத்தில் மிதமான முதல்கட்ட ரீமேப்.
5. ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால், பெரிய இன்டர்கூலர்.

முழு வேகத்தையும் ருசி பார்க்க, கோவை செட்டிப்பாளையத்திலும் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் ரேஸ் டிராக்குகள் இருக்கின்றன. பொதுமக்களுக்கு அனுமதி இருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போகலாம். பைபாஸ் ரோடு அதற்கான இடம் அல்ல.

முதல் மூன்று கட்டங்களை முடித்ததும், பலர் நான்காவது கட்டத்தைத் தள்ளிப்போட்டு விடுகிறார்கள். ஏனென்றால், கசிவுகள் அடைபட்டு, நல்ல டயரோடு ஓடும் 150 பிஹெச்பி காரே அவர்களுக்குப் புது காராகத் தெரிகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கார் டயரின் நான்கு இலக்க எண்ணைப் படித்துப் பாருங்கள். டைமிங் பெல்ட் மாற்றிய பில் எங்கே என்று அப்பாவிடம் கேளுங்கள். பீரோவிலிருந்து பழைய சர்வீஸ் ஃபைலோடு வந்து, அவரும் பானெட் பக்கத்தில் நிற்பார்!