பேடாவா, பர்ஃபியா, சுருட்டா?

சென்ற ஆண்டு மார்கழி மாதம். ஞாயிறு காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது நியூ ஜெர்சியிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். என் மூத்த மகளுக்கு அப்போது எட்டாவது மாதம். எட்டாம் மாதத்தில் போன் மணி அடித்தாலே பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அவரோ சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்க மாமா, எல்லாரும் சௌக்கியம். ஒரு சந்தேகம். முதல் குழந்தை பிறந்தா இங்கே அப்பாமார் நண்பர்களுக்குச் சுருட்டு கொடுக்கிற வழக்கம் உண்டு. நீங்க உறையூர்க்காரராச்சே, எந்தச் சுருட்டு வாங்கறதுன்னு சொல்லுங்களேன்" என்றார்.

உறையூரில் பிறந்தவன் என்பதைத் தவிர எனக்கும் சுருட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. ஆனால் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் தகப்பனார் நாளொன்றுக்கு இரண்டு உறையூர்ச் சுருட்டு பிடித்தவர். மேலும், தண்டவாளத்தோடு 37 ஆண்டுகள் குப்பை கொட்டிய எனக்கு, ஸ்பெசிஃபிகேஷன் பார்க்காமல் எதையும் வாங்கச் சொல்லும் பழக்கம் இல்லை. இரண்டு வாரம் படித்தேன், விசாரித்தேன். நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பதால் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஏன் சுருட்டு?

அமெரிக்காவில் 1960கள் வரை பெரும்பாலான மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் தகப்பனை விடமாட்டார்கள். வெளியே ஓர் அறையில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புகைபிடிப்பதை அன்று யாரும் தவறாக நினைக்கவில்லை. நர்ஸ் வந்து நல்ல செய்தி சொன்னதும் புதுத் தகப்பன் சட்டைப்பையிலிருந்து சுருட்டுகளை எடுத்து அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் நீட்டுவான். மறுநாள் ஆபீஸிலும் அதே.

நாம் கற்கண்டும் சர்க்கரையும் கொடுப்பதைப் போலத்தான். நாகபுரியில் ஆண் பிள்ளை என்றால் பேடா, பெண் என்றால் பர்ஃபி அல்லது ஜிலேபி என்று நம் மராட்டிய நண்பர்கள் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். சுருட்டிலும் அந்தப் பேதம் உண்டு. ஆண் என்றால் நீலப் பட்டையில் 'இட்ஸ் எ பாய்', பெண் என்றால் ரோஜா நிறப் பட்டையில் 'இட்ஸ் எ கேர்ள்'. அங்கே ஸ்கேனிலேயே சொல்லிவிடுவதால் முன்கூட்டியே வாங்கி வைக்க முடிகிறது. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிச் சொல்வது குற்றம்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் 'சுருட்டு' என்ற சொல்தான். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலைப் பார்த்துச் சொல்கிறார் ஹோம்ஸ். நம் செரூட்டுக்கு இரு முனையும் திறந்திருக்கும், அப்படியே பற்றவைக்கலாம். அமெரிக்கக் கடைகளில் விற்கும் சிகாருக்கு வாய் வைக்கும் முனையில் இலையால் ஒரு தொப்பி ஒட்டியிருப்பார்கள். அதன் நுனியை மட்டும், சுமார் இரண்டு மில்லிமீட்டர், கூரான கத்தரியால் நறுக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் மேல் இலை பிரிந்துவிடும்.

அளவும் இலையும்

தண்டவாளத்தை 52 கிலோ, 60 கிலோ என்று மீட்டர் எடையால் அழைப்பதைப் போல, சிகாரின் பருமனை 'ரிங் கேஜ்' என்ற எண்ணால் சொல்கிறார்கள். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் எத்தனை பங்கு விட்டம் என்பதே அந்த எண். 50 என்றால் 50/64 அங்குலம், ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். 'ரோபஸ்டோ' என்பது 5 அங்குல நீளம், 50 கேஜ். 'கொரோனா' ஐந்தரை அங்குலம், 42 கேஜ். 'சர்ச்சில்' 7 அங்குலம், 47 கேஜ்.

பெரியதாகக் கொடுத்தால்தான் மதிப்பு என்று மாப்பிள்ளை நினைத்தார். வேண்டாம் என்றேன். சர்ச்சில் எரிந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பழக்கமில்லாதவர் கால்வாசியிலேயே தலை சுற்றி வைத்துவிடுவார். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு ஒரு முறை பிடிப்பவர்கள். அவர்களுக்குக் கொரோனாவோ அதைவிடச் சிறியதோ போதும்.

சிகாரில் மூன்று பகுதிகள்: உள்ளே நிரப்பும் இலை, அதைக் கட்டும் இலை, மேலே சுற்றும் இலை. மேல் இலை வெளிர் பழுப்பாக இருக்கும் 'கனெக்டிகட்' வகை பொதுவாக மென்மையானது. உள்ளே இருப்பது துண்டு துண்டான இலையா, முழு நீள இலையா என்று கேட்க வேண்டும். முழு நீள இலையைக் கையால் சுற்றியது சீராக எரியும். டொமினிகன் குடியரசுச் சுருட்டுகள் பெரும்பாலும் மிதமானவை. நிகரகுவாவினுடையவை பெரும்பாலும் காரமானவை.

'இட்ஸ் எ கேர்ள்' என்று பட்டை போட்டே விற்கும் கட்டுகளில் மலிவான இயந்திரச் சுருட்டுகள் நிறைய உண்டு. நல்ல சுருட்டை வாங்கி, பட்டையைத் தனியாக அச்சடித்துப் போட்டுக்கொள்வது மேல்.

கியூபா சுருட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். 1962 முதல் அமெரிக்காவில் அதற்குத் தடை. இடையில் சில ஆண்டுகள் பயணிகள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவர அனுமதித்தார்கள். 2020 செப்டம்பரில் அதையும் நிறுத்திவிட்டார்கள். துபாய் வழியாக வரும் சித்தப்பாவிடம் வாங்கிவரச் சொல்லி அவரைக் கஸ்டம்ஸில் மாட்டிவிடாதீர்கள்.

கீமேன் சோதனை

பாதையில் நடந்து செல்லும் கீமேன், சுத்தியலால் தட்டிப் பார்த்தே சாவி இறுக்கமா தளர்வா என்று சொல்லிவிடுவார். சுருட்டுக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக அழுத்தினால் சற்றே அமுங்கி மீள வேண்டும். நொறுநொறுவென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் தொளதொளவென்றிருந்தால் இலை சரியாக நிரம்பவில்லை. கல்போல முடிச்சு இருந்தால் புகை வராது.

காய்வதுதான் பெரிய எதிரி. சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் தேவை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அமெரிக்க வீட்டின் காற்று நம் நாகபுரி மே மாதத்தைப் போல வறண்டிருக்கும். வெளியே கிடந்தால் சில நாளில் சருகாகிவிடும். அதற்கென்று 'ஸ்பானிஷ் சீடர்' மரத்தில் பெட்டி செய்கிறார்கள். பெயர்தான் சீடர், உண்மையில் அது நம் வேம்பின் குடும்பத்து மரம். இருபது சுருட்டுக்காக அந்தப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும், கடையில் கிடைக்கும் ஈரப்பதப் பாக்கெட் ஒன்றும் போதும். பிரசவத் தேதி நம் டைம்டேபிள்படி வருவதில்லையே! இரண்டு வாரம் முன்பின் ஆனாலும் சரக்கு கெடாது.

யாருக்குக் கொடுப்பது?

சீக்கிய நண்பருக்கு நீட்டவே கூடாது. அவர்கள் மார்க்கத்தில் புகையிலை விலக்கு. புகையை விட்டொழித்தவருக்கும் கொடுக்கக் கூடாது. அவர் பட்ட பாடு வீணாகும். அங்கே 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பதே 2019 டிசம்பர் முதல் சட்டவிரோதம். இவர்களுக்கெல்லாம் சுருட்டு வடிவிலேயே சாக்லேட்டும், நீலம், ரோஜா நிறங்களில் பபிள்கமும் விற்கிறார்கள். இரண்டையும் தட்டில் வைத்து, வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளச் செய்வது நல்லது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரு பெரிய சுருட்டில் ஏறக்குறைய ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை இருக்கக்கூடும். புகையை விழுங்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் அபாயம் உண்டு. அடுத்தவர் விடும் புகையில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவே இல்லை என்றும், அது கைக்குழந்தைகளின் திடீர் மரணத்துக்குக் காரணமாகிறது என்றும் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006-இல் அறிக்கை கொடுத்திருக்கிறார். ஆகவே மாப்பிள்ளைக்கு ஒரே நிபந்தனை போட்டேன்: வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் கூடாது, பிடித்தவர் குளித்து, சட்டை மாற்றாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது.

இந்த நிபந்தனை நான் கண்டுபிடித்ததல்ல. என் தகப்பனாருடையது.

1991-இல் இந்த மகள் நாகபுரியில் பிறந்தபோது அப்பா திருச்சியிலிருந்து வந்திருந்தார். ஒரு தமிழ் நண்பர் குவார்ட்டர்ஸுக்கு வந்து, "என்னப்பா, பேடா எங்கே?" என்றார். நான், "பெண்தான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். அந்தத் 'தான்' அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. நண்பர் போனதும், "அது என்னடா, 'தான்'?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்த இந்தி 'அச்சா', 'லட்கா', 'லட்கீ' அவ்வளவே. தனியாக சீதாபுல்டி பஜாருக்குப் போனார். 'லட்கீ' என்று சொன்னதும் கடைக்காரர் பர்ஃபியை எடுத்தாராம். இவர் பேடாவைக் காட்டிக் காட்டி இரண்டு கிலோ வாங்கிவந்து, என் கேங்மேன்கள் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். வாயில் பற்றவைக்காத சுருட்டு. திரும்பி வந்து, கொல்லைப்புறத்தில் அதைப் பிடித்து முடித்து, குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் பேத்தியைக் கையில் வாங்கினார்.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "பட்டை என்ன நிறமானாலும் சரி, பையன் என்றால் எந்தச் சுருட்டு வாங்குவீர்களோ அதையே வாங்குங்கள்" என்றேன். மாசி மாதம் பேத்தி பிறந்தாள். இருபது கொரோனா, பதினைந்து சாக்லேட். சாக்லேட்தான் முதலில் தீர்ந்ததாம்.

செய்தி வந்த அன்று மாலை நான் சீதாபுல்டிக்குப் போனேன். என்ன விசேஷம் என்று கடைக்காரர் கேட்டார். "லட்கீ" என்றேன். அவர் கை பர்ஃபித் தட்டுக்குப் போனது. நான் பேடாவைக் காட்டினேன்.

தாயும் சேயும் நலம்.